கல்லில் இருப்பது இலையா, கறையா

ஓய்வு பெற்றால் காலைக் காபியையாவது நிம்மதியாகக் குடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். கார்த்திக் விடுகிறவனாக இல்லை. எங்கள் புவியியல் அலுவலகத்தில் எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன். கெட்டிக்காரன், பொறுமை மட்டும் கொஞ்சம் மட்டு. போன வாரம் ஒரு காலையில் போனில் ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் கல், அதன் மேல் கறுப்பில் அழகான ஒரு செடி. கீழே அவனுடைய வரி: "மேடம், ஒரு ஆப்ல போட்டுப் பார்த்தேன். ஃபாசில்னு சொல்லுது. ஓகேவா?"

"கல்லை எடுத்துக்கினு வா" என்று பதில் போட்டேன்.

"கல்லு கிருஷ்ணகிரில இருக்குது மேடம். போட்டோ மட்டும்தான் வந்துச்சு."

"அப்போ கிருஷ்ணகிரிக்குப் போ."

சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று வந்தது. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "போட்டோவுல தெரியாதது கல்லுல இன்னா மேடம் தெரியப் போவுது? நீங்க எழுதிக் குடுங்களேன். நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றான். கிண்டல் பாதி, நிஜம் பாதி. சரி, எழுதித் தொலைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக. கல்லில் செடி மாதிரி தெரிவதெல்லாம் செடி அல்ல. பாறையின் விரிசல்களில் மழைத்தண்ணீர் இறங்கும்போது மாங்கனீசைக் கரைத்துக்கொண்டு இறங்கும். தண்ணீர் காய்ந்ததும் மாங்கனீசு கறுப்பாகப் படிந்துவிடும். அந்தக் கறை கிளை கிளையாகப் பிரிந்து, பெரணிச் செடியைக் கொண்டுவந்து ஒட்டி வைத்தது மாதிரி இருக்கும். அதில் உயிர் என்று எதுவும் ஒரு நாளும் இருந்ததில்லை. அதேசமயம் எங்கள் காஞ்சிபுரத்தைச் சுற்றியும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் ஆழமாகத் தோண்டினால் சில இடங்களில் களிக்கல் வரும். களிமண் இறுகிக் கல்லானது அது. அதற்குள் மனிதன், மாடு, நெல் எதுவுமே இல்லாத காலத்தில் மரத்திலிருந்து விழுந்த இலைகள் பதிந்து கிடக்கும். அவை நிஜ இலைகள். இரண்டில் எது என்று சொல்வதுதான் நான் சம்பளம் வாங்கிச் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்த வேலை.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். எங்கள் வீட்டில் மூன்று தறி ஓடியது. தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, சென்னையில் கல்லூரி முடித்து, பரீட்சை எழுதி வேலைக்குப் போனேன். "கல்லு பாக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பயிற்சிக் காலத்தில் வெயிலில் நடந்தேன், சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டேன், ஜீப்பில் தூங்கினேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலை கற்றுக்கொண்டது என் மேலதிகாரி நரசிம்மலு சாரிடம் வந்து சேர்ந்த பிறகுதான்.

நரசிம்மலு சாருக்கு வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் தமிழ், கோபம் வந்தால் மௌனம். உயரமானவர், குரல் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியிலிருந்து யாராவது கல் கொண்டுவந்தால் அவர் அந்த ஆளைப் பார்க்க மாட்டார். அட்டெண்டர் போய்க் கல்லை மட்டும் வாங்கிவந்து மேஜையில் வைக்க வேண்டும். கொண்டுவந்தவருக்கு வராண்டாவில் பெஞ்சும் டீயும் உண்டு. கல்லைப் பார்த்து முடித்த பிறகுதான் ஆளை உள்ளே கூப்பிடுவார்.

இதென்ன தீண்டாமை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சேர்ந்த புதிதில் வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, வர்றவங்க எல்லாரும் ஒரு ஆசையோட வர்றாங்க. அந்த முகத்தை முதல்ல பார்த்துட்டா, அப்புறம் நீ பார்க்கிறது கல்லு இல்ல. அந்த ஆசையைத்தான் பார்ப்ப" என்றார்.

அவர் கல்லைப் பார்க்கும் விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். கார்த்திக், இதை நிதானமாகப் படி.

உச்சி வெயிலில் பார்க்கவே மாட்டார். மதியம் வந்த கல் சாயங்காலம் வரை காத்திருக்கும், கொண்டுவந்தவருக்கு இன்னொரு டீ கிடைக்கும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும் என்பார். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் கல்லைத் திருப்பித் திருப்பி வைப்பார். கண்ணில்லாதவர் தடவுவது போல விரல் நுனியால் ஒரு முறை தடவுவார். பிறகு ஊசி. அடையாளத்தின் ஓரத்தில் ஊசி நுனியை மெதுவாக இழுத்தால், இலையாக இருந்தால் எங்காவது தட்டும். கறையில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுப் பெண்கள் புடவையைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு ஞாபகம் வரும். நெய்த பூவுக்குப் பின்பக்கம் இழை இருக்கும், அச்சடித்த பூவுக்கு இருக்காது.

அதற்குப் பிறகுதான் லென்ஸை எடுப்பார். எனக்கும் ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். கல்யாணமான பிறகு அந்தக் கயிறு தாலியோடு சிக்கிக்கொள்ளும். எந்தக் கயிறு முக்கியம் என்று இன்றைக்கே முடிவு பண்ணிவிடு என்று என் மாமியார் கேலி செய்வார்.

லென்ஸில் அவர் எதைத் தேடுவார் என்பதுதான் முக்கியம். நாங்கள் எல்லோரும் அடையாளம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்ப்போம். அவர் பழுது தேடுவார். "இலைன்னா அது விழுந்திருக்கும்மா. காத்துல அடிபட்டிருக்கும், பூச்சி கடிச்சிருக்கும், சேத்துல மடங்கியிருக்கும். உயிரோட இருந்தது எதுவும் முழுசா இருக்காது. ரொம்ப அழகா இருந்தா சந்தேகப்படு" என்பார். கறைக்கு அடிபட வழியில்லை. அது இருந்த இடத்திலேயே வளர்ந்தது. விரிசல் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும், அதற்குக் காம்பு கிடையாது, நடுநரம்பு கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் வராது.

கடைசியில் ஆளை உள்ளே அழைப்பார். இல்லை என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. லென்ஸை அவர்கள் கையில் கொடுத்து, "காம்பு எங்க இருக்குதுன்னு காட்டுங்கய்யா" என்பார். அவர்கள் தேடுவார்கள். தேடித் தேடி அவர்களாகவே நிமிர்வார்கள்.

ஒருமுறை பட்டுக் கடைக்காரர் ஒருவர் வந்தார். புதிதாகக் கட்டிய கடையின் தரைக்கு வாங்கிய மஞ்சள் கற்களில் நாலைந்து பலகை முழுக்கக் கறுப்புச் செடிகள். கோடி வருஷத்துச் செடி என்று கடையில் போர்டு வைக்க ஆசை, அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும். சாயங்காலம் வரை அவரையும் வராண்டாவில் உட்கார வைத்தார்கள். பட்டுச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து லென்ஸில் பார்த்தார், காம்பு கிடைக்கவில்லை.

"அப்ப இது சும்மா கறையா சார்?" என்றார்.

"கறைதான். ஆனா உங்க கடைல டிசைன் போடுறவர் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் இந்த மாதிரி ஒரு கொடி போட மாட்டார். அவர்கிட்ட காட்டுங்க" என்றார் சார்.

கடைக்காரர் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறார். கொஞ்ச காலம் கழித்து எங்கள் தெருவில் நடந்த கல்யாணத்தில் பெண்ணின் அத்தை கட்டியிருந்த புடவையின் கரையில் அந்த மாங்கனீசுக் கறை ஜரிகையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பைப் பக்கத்தில் இருந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

நரசிம்மலு சார் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். அவருடைய நாற்காலிக்கு நான் வந்தேன். வராண்டா பெஞ்சையும் டீயையும் நான் நிறுத்தவில்லை. அந்த ஏற்பாடு உதவாமல் போனது ஒரே ஒரு தடவைதான். கார்த்திக் கேட்ட கேள்விக்குப் பதிலும் அந்தத் தடவையில்தான் இருக்கிறது.

அது என் ஓய்வுக்கு முந்தைய கோடைக்காலம். காஞ்சிபுரத்தில் தாவரவியல் படிக்கிற நிர்மலா என்ற பெண் போன் செய்தாள். திருப்பருத்திக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் கழனி இருக்கிறது. கிணற்றை ஆழப்படுத்தும்போது ஒரு கல் வந்திருக்கிறது, அதில் பெரணி இருக்கிறது என்றாள். கல்லை எடுத்துவரச் சொன்னேன். "அப்பா குடுக்க மாட்டேன்றார் மேடம். நாளைக்குக் காலைல வேட்டு வெக்கப் போறாங்க. இன்னைக்கே வர முடியுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்தான். போனேன்.

வீட்டு வாசலிலேயே அவளுடைய அப்பா சாந்தகுமார் என்னை மடக்கிவிட்டார். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைக்கிற ஜைனக் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு, கண்ணில் தூக்கமில்லை.

"மேடம், உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. பொண்ணு படிக்கிற புள்ள, ஆசைல சொல்லிக்கினு இருக்குது. நீங்க வெறும் கல்லுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போவும். பயிரு கதிரு வாங்குற நேரம். கெணத்துல காலு நனையிற அளவுதான் தண்ணி இருக்குது. நாளைக்கு வேட்டு வெக்கிற ஆளு வர்றான். இத வுட்டா வந்தவாசி பக்கம் போயிடுவான், அப்பறம் எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது."

"நான் ஃபாசில்னு சொன்னா வேட்டு வைக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"டீக்கடைல சொல்றாங்க. கெணத்துக்கு சீல் வெச்சி நெலத்தையே எடுத்துக்குவாங்களாம்."

"யாரும் எடுக்க மாட்டாங்க. அந்த மாதிரி அதிகாரம் எதுவும் எனக்குக் கிடையாதுங்க."

தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. அதற்குள் நிர்மலா ஓடிவந்தாள். பழைய வேட்டியில் சுற்றிய கல்லைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். "பெரணி மேடம், பாருங்க, நீங்களே பாருங்க" என்றாள்.

ஆக, கல்லைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு முகங்களைப் பார்த்தாயிற்று. ஒன்று இலையாக இருக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று இருக்கவே கூடாது என்கிறது. இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்தவர்கள் எல்லாம் ஃபாசிலாக இருக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். இல்லை என்று கேட்க ஆசைப்பட்டு நின்ற முதல் ஆள் சாந்தகுமார். ஆசை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஆசைதான். அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கல்லோடு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். காலை வெயில் இன்னும் சாய்வாகத்தான் இருந்தது.

வெளுத்த களிக்கல். மேல் பக்கம் முழுக்கக் கறுப்புச் செடி. அவ்வளவு அழகு. விரலால் தடவினேன், மேடு இல்லை. ஊசியை இழுத்தேன், வழுக்கியது. லென்ஸில் பார்த்தேன். உடைந்த ஓரத்திலிருந்து கிளைகள் உள்நோக்கிப் போயின. காம்பும் இல்லை, நரம்பும் இல்லை. ஒரு நுனி கூடக் கிழியவில்லை. கறைதான், சந்தேகமே இல்லை.

அவர்களைக் கூப்பிட்டு நிர்மலாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். "காம்பு எங்கம்மா?" என்றேன். வெகுநேரம் பார்த்தாள். படித்த பெண், புரிந்துவிட்டது. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. சாந்தகுமாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ராஜமதி! மேடத்துக்கு மோர் கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ராஜமதி அவருடைய மனைவி. மோரை என் கையில் கொடுத்துவிட்டு மகளின் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. மோரைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். கல்லை வேட்டியில் மறுபடி சுற்றும்போது அதன் ஓரம் கண்ணில் பட்டது. மேல் பக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, கல்லின் நடுவில், மயிரிழை போல ஒரு கரிக் கோடு. மேலே இருக்கும் கறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையில் சின்ன உளி இருந்தது. உண்மையைச் சொன்னால், அதை எடுக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த மனுஷர் அப்போதுதான் மூச்சுவிட்டிருந்தார்.

கோட்டின் மேல் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். கல் இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே அழுக்குப் பழுப்பில் ஓர் இலை. நடுவில் ஈர்க்கு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்ன இலைகள். ஒரு பக்கக் கல்லில் ஈர்க்கு மேடாக இருந்தது, மறுபக்கக் கல்லில் அதே இடத்தில் பள்ளம். நாலைந்து பற்கள் உதிர்ந்திருந்தன. ஒன்று மடங்கி இன்னொன்றின் மேல் ஒட்டியிருந்தது. நுனியில் ஏதோ கடித்த வளைவு. மேலே இருந்த கறையோடு ஒப்பிட்டால் பார்க்கவே சகிக்காது. நரசிம்மலு சார் இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார்.

இரண்டையும் காட்டி நான் சொன்னேன். "மேல இருக்கிறது கறை. இது இலைங்க."

"இன்னா மேடம், இப்பதானே கல்லுன்னீங்க?" சாந்தகுமாரின் குரல் உடைந்துவிட்டது.

ராஜமதி குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் செடி மாதிரிதான் இருக்குது. ஒண்ண உயிருன்றீங்க, ஒண்ண இல்லன்றீங்க" என்றாள்.

"இது ஒரு காலத்துல மரத்துல இருந்தது. அது வெறும் தாதும்மா."

"மண்ணு, கல்லு, தண்ணி எல்லாமே ஓரறிவு உயிருன்னுதான் எங்க வீட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க செடிக்கு மட்டும் கணக்குப் பாக்குறீங்க" என்றாள். வாதத்துக்காகச் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

கிணற்று மண் தூக்க நிறுத்தியிருந்த கிரேனின் வாளியில் உட்கார்ந்து கிணற்றுக்குள் இறங்கினேன். அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அந்தக் களிக்கல் பலகை பலகையாகப் படிந்திருந்தது. எங்கே திறந்தாலும் இலை. அதற்குக் கீழே மணற்கல். ஊற்று அங்கேதான் இருக்க வேண்டும். அந்தக் களிக்கல்லை அகற்றாமல் தண்ணீருக்குப் போக வழியில்லை. வேட்டு வைத்தால் ஒரே நாளில் தண்ணீர் வந்துவிடும், இலை ஒன்றுகூட மிஞ்சாது.

மேலே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "கிணறு உங்களுது. நாளைக்கு வேட்டு வைக்க வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கீழே இருக்கிறது என்னன்னு தெரிஞ்சு நீங்க முடிவு பண்ணணும், அவ்வளவுதான்."

சாந்தகுமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டார். வரப்பில் உட்கார்ந்திருந்தது தூரத்திலிருந்து தெரிந்தது. நிர்மலா என்னிடம், "அப்பாவுக்கு இந்தப் போகம் போச்சுன்னா கஷ்டம் மேடம். நான் போன் பண்ணாமலே இருந்திருக்கலாம்" என்றாள். எனக்கும் அதே நினைப்புதான்.

வெயில் ஏறிய பிறகு வந்தார். என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வேட்டு வெக்காம கடப்பாரைல நெம்பி எடுத்தா ஒடையாம வருமா?"

"பாதியாவது வரும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"ரெண்டு மூணு நாள் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

"கீழ் கயனி தாங்காது." சொல்லிவிட்டுக் கழனிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

வேட்டு வைக்கிறவரிடம் என்ன பேசினார், எப்படி நிறுத்திவைத்தார் என்று எனக்குத் தெரியாது. கிணறு வெட்டும் மேஸ்திரிக்கு மட்டும் வாய் ஓயவில்லை. "இன்னா சார் இது, கெணறு வெட்டக் கூப்ட்டுட்டு வளையல் கட மாதிரி அடுக்கி அடுக்கி எடுக்கச் சொல்றீங்க!" என்று சாந்தகுமாரிடம் கத்திக்கொண்டே நெம்புவார். ஆனால் ஒரு பலகையைக் கூடப் போட்டு உடைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டேன். பலகைகள் மேலே வந்ததும் நானும் நிர்மலாவும் நிழலில் வைத்துப் பிரிப்போம். ஒருமுறை காய்ந்துவிட்ட களிக்கல் மறுபடி தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதால் வேர்வைக் கையைத் துடைத்துத் துடைத்துத் தொடுவோம். பழைய வேட்டியும் புடவையும் தீர்ந்துபோய் ராஜமதி அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிவந்து கொடுத்தாள்.

கிணற்றில் ஊறிய கொஞ்சத் தண்ணீரையும் சாந்தகுமார் மேல் கழனிக்குத் திருப்பிவிட்டார். இரண்டையும் பாதி பாதி காப்பாற்றப் போய் இரண்டும் போய்விடக் கூடாது என்ற கணக்கு. சாயங்காலம் ஆட்டோவுக்குப் போகும் வழியில் கீழ் கழனியைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் நுனி மட்டும் வெளிறியிருந்தது. அப்புறம் வைக்கோல் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். கையில் இருக்கும் இலையைப் பார்த்துச் சந்தோஷப்படும்போதெல்லாம் அந்தக் கழனி வந்து நெஞ்சை உறுத்தியது.

கடைசி நாள் எல்லாம் எடுத்து முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது, சுவர் ஓரத்தில் ஒரு பலகை மிச்சமிருந்தது. அதன் முகப்பில் நான் அதுவரை பார்த்திராத நீளத்தில் ஓர் ஈர்க்கு தெரிந்தது. மேஸ்திரியின் ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். "நாளைக்கு விடியக் காலம் வேட்டு. இன்னைக்கே எடுத்துடுங்க மேடம்" என்று சாந்தகுமாரே என்னோடு இறங்கினார். நான் உளியால் ஓரத்தைச் செதுக்கச் செதுக்க, அவர் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். மேலே நிர்மலா கிரேனைப் பிடித்திருந்தாள். அவசரப்பட்டால் உடையும். வானம் சிவந்தது, பிறகு மங்கியது. பலகையை ஒரு கையில் தாங்கி, மறு கையால் போன் வெளிச்சத்தை அதன் மேல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். ராஜமதி மேலிருந்து இரண்டு முறை "என்னங்க" என்று கூப்பிட்டாள். இரண்டு முறையும் அவர் "இரு வர்றேன்" என்று மட்டும் சொன்னார். பலகை முழுசாக வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வாளியில் ஏறும்போது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். ராஜமதி ஒரே ஒரு தட்டு வைத்திருந்தாள். சூடான சாதம், பருப்பு, அவரைக்காய்ப் பொரியல்.

"நீங்க எல்லாரும்?" என்று கேட்டேன்.

"பொழுது போயிடுச்சேம்மா. நான் வெளிச்சத்துலயே சாப்ட்டேன், பாப்பாவுக்குக் கெணத்தடிக்கே கொண்டு போய்க் குடுத்துட்டேன்" என்றாள் ராஜமதி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜைன வீடுகளில் சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டது அதற்காகத்தான். அந்த மனுஷர் காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கழனிக்குப் போனவர், மதியம் கிணற்றடியில் நின்றவர். இனி விடிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கையில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழ் கழனி போய்விட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்னால உங்களுக்குச் சாப்பாடும் போச்சு" என்றேன்.

"அன்னைக்கே கல்லுன்னு சொல்லிட்டுப் போயிருந்தீங்கன்னா, தண்ணியும் வந்திருக்கும், நானும் நேரத்துக்குச் சாப்ட்டுட்டுப் படுத்திருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் மேல கோவமாங்க?"

நிர்மலா மூலையில் அந்தப் பலகையைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சாந்தகுமார் அவளைப் பார்த்தார்.

"கோவந்தான் மேடம்" என்றார். "சாப்புடுங்க, ஆறிடப் போவுது."

சாப்பிட்டேன்.